நிறுத்தக்குறி கேட்ட கேள்வி

2010 மார்ச்சில் கேரளத்தின் தொடுபுழா நியூமன் கல்லூரியில் ஒரு உள்தேர்வு. பி.காம் மாணவர்களுக்கான மலையாளத் தாள். அதில் ஒரு உரையாடலைக் கொடுத்து நிறுத்தக்குறி போடச் சொல்லியிருந்தார் பேராசிரியர் டி.ஜே. ஜோசப். அந்தக் கேள்விக்காகத்தான் ஜூலை 4 அன்று, சர்ச்சிலிருந்து திரும்பும் வழியில் அவருடைய வலது கையை வெட்டினார்கள்.

இதைப் பேச வந்தாலே நம்மிடம் இரண்டு கட்சிதான். ஒன்று கருத்துச் சுதந்திரம், மற்றது மத உணர்வு. இரண்டு பக்கமும் அந்தக் கேள்வியை ஒரு தேர்வுக் கேள்வியாகப் பார்த்த மாதிரி தெரியலை. அதுதான் என் குறை.

அந்த உரையாடல் திரைப்பட இயக்குநர் பி.டி. குஞ்ஞுமுகம்மதின் கட்டுரையிலிருந்து எடுத்தது. ஒரு பித்தன் கடவுளோடு பேசுகிறான். மூலத்தில் பித்தனுக்குப் பெயர் கிடையாது. ஜோசப் 'முகம்மது' என்று வைத்தார். எழுதியவர் பெயரிலிருந்து எடுத்தேன் என்பது அவர் சொன்ன விளக்கம். நபியைத்தான் சொல்கிறார் என்று எதிர்த்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

என்னைக் கேட்டால், அந்தப் பெயர் தேவையே இல்லை. அரைப்புள்ளி எங்கே வரும் என்று சோதிக்க 'பித்தன்' போதும். நாவல் பிடிக்கலைன்னா மூடி வைத்துவிடலாம். தேர்வு எழுதுகிறவனுக்கு அந்த வசதி இல்லை. மார்க் வேண்டுமானால் எழுதித்தான் ஆகணும். அதனால் மாணவர்கள் மனம் வருந்தினால் அதைக் காதுகொடுத்துக் கேட்பது ஆசிரியரின் கடமை. இதைச் சொல்வதால் நான் வெட்டியவர்கள் பக்கம் போய்விடவில்லை.

ஏனென்றால் இந்தத் தவறுக்கு மருந்து கல்லூரிக்குள்ளேயே இருந்தது. கேள்வியை நீக்கலாம், எல்லாருக்கும் அந்த மார்க்கைக் கொடுக்கலாம், வகுப்பில் உட்கார்ந்து பேசலாம். நடந்தது வேறு. சஸ்பெண்ட், போலீஸ் வழக்கு, கைது. வெட்டுப்பட்ட பிறகு செப்டம்பரில் நிர்வாகம் வேலையிலிருந்தே நீக்கியது. 2013 நவம்பரில் நீதிமன்றம் அவரை வழக்கிலிருந்து விடுவித்தது. அப்போதும் வேலை திரும்பவில்லை. 2014 மார்ச்சில் அவர் மனைவி தற்கொலை செய்துகொண்டார். அந்த மாதக் கடைசியில்தான் கல்லூரி அவரைத் திரும்ப எடுத்தது, ஓய்வுபெறும் நேரத்துக்கு.

வெட்டியவர்களுக்கு 2015லும் 2023லும் தண்டனை கிடைத்தது. கைவிட்டவர்களை யாரும் கேட்கவில்லை. அவர்கள் செய்ததும் சின்ன விஷயம் இல்லை. ஒரு கவனக்குறைவைப் பெருங்குற்றம் என்று கல்லூரியே முத்திரை குத்திக் கொடுத்துவிட்டது. இதைப் பார்த்த அடுத்த ஆசிரியர் என்ன செய்வார்? மதம் என்ற சொல் வரும் பத்தியையே தொடமாட்டார். மதத் தீவிரவாதம் பற்றி ஒரு மாணவி கட்டுரை எழுத வந்தால், "வேற தலைப்பு எடும்மா" என்பார். பார்க்க அது பக்குவம் மாதிரி இருக்கும். உள்ளே இருப்பது பயம்.

அந்த மாணவி வேறு தலைப்பில் எழுதி மார்க் வாங்கிவிடுவாள். மனதில் இருந்த கேள்வியை எங்கே கொண்டுபோவாள்? கையில் ஃபோன் இருக்கிறது. அதில் அவளுக்குப் பதில் சொல்லக் காத்திருப்பவர்கள் யாரும் ஆசிரியர்கள் இல்லை.