நீலத் திரைக்கு ஞாபகம் கிடையாது

போன மே மாதம், பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம், பாலக்கோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் என் பள்ளிக்கூட நண்பன் போன் பண்ணினான். "மச்சான், சிஸ்டம் மறுபடி நீலமா போயிடுச்சுடா. கடை வாசல்ல பசங்க வரிசையா நிக்கிறாங்க." இன்ஜினியரிங் கவுன்சலிங், கலைக் கல்லூரி அட்மிஷன், வருமானச் சான்று எல்லாமே இப்போது ஆன்லைன்தான். பாதி நிரப்பிய விண்ணப்பத்தோடு கம்ப்யூட்டர் நின்றுவிட்டால், அந்தப் பையன் மறுபடியும் வரிசையில் நிற்க வேண்டும். கடைசி பஸ் போய்விட்டால் நாளைக்குத்தான்.

அது 2014-ல் அசெம்பிள் பண்ணிய மெஷின். நாலாம் தலைமுறை ஐ3, டிடிஆர்3 ராம், விண்டோஸ் 10. ரெண்டு மாதத்தில் மூன்று தடவை ஃபார்மட் பண்ணியாயிற்று. ஒவ்வொரு தடவையும் ஐந்நூறு ரூபாய். இரண்டாவது தடவை, வாடிக்கையாளர்களின் ஸ்கேன் ஃபைல்கள் இருந்த ஃபோல்டரும் சேர்ந்து போய்விட்டது. மூன்றாவது தடவை சர்வீஸ்காரர், "வயசாயிடுச்சுண்ணே, புதுசு வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டார். நண்பன் நகைக்கடன் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் எனக்குப் போன் வந்தது.

இந்தப் பதிவு ரிப்பேர் குறிப்பு மட்டும் இல்லை. கதைக்கும் சினிமாவுக்கும் விமர்சனம் எழுதுகிறோம். பல கோடிப் பேர் வயிற்றில் புளியைக் கரைத்தபடி படித்த ஒரு பக்கம் இருக்கிறது. அதை ஒரு எழுத்தாக எடுத்து, யார் எழுதியது, யாருக்கு எழுதியது, என்ன சொல்கிறது, எதை விடுகிறது என்று கேட்கலாம் இல்லையா? அதைத்தான் இங்கே செய்து பார்க்கிறேன்.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். நீலத் திரை என்பது நோய் இல்லை, காவல். இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குள் ஏதோ ஒரு கணக்கு தப்பாகிவிட்டால், இனி எதையும் நம்ப முடியாது. அப்படியே ஓடவிட்டால் தப்பான தகவலை ஹார்ட் டிஸ்கில் எழுதிவிடும். அதனால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, நிறுத்தியதற்கான காரணத்தை ஒரு குறியீடாகச் சொல்கிறது. ஆக, அது ஒரு மரண அறிக்கை மாதிரி. நம்முடைய கேள்வி, அந்த அறிக்கை எவ்வளவு நேர்மையாக எழுதப்படுகிறது என்பதுதான்.

இந்த அறிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. 1993-ல் வந்த விண்டோஸ் என்டியின் நீலத் திரையை எழுதியவர் ஜான் வெர்ட் என்ற மைக்ரோசாஃப்ட் பொறியாளர். அன்றைய திரை ஈவு இரக்கம் இல்லாதது. நிறுத்தக் குறியீடு, எண்கள், அப்போது ஓடிக்கொண்டிருந்த டிரைவர்களின் பட்டியல் என்று திரை முழுக்க நிரப்பிவிடும். எழுதியவரும் இன்ஜினியர், படிப்பவரும் இன்ஜினியர். சாதாரண ஆளுக்கு ஒன்றும் புரியாது. ஆனால் மறைக்கவும் இல்லை.

2000-ம் ஆண்டு பதிப்பிலும், பிறகு எக்ஸ்பியிலும் வாசகர் மாறினார். திரை கொஞ்சம் மனிதர்களோடு பேச ஆரம்பித்தது. கம்ப்யூட்டருக்குச் சேதம் வராமல் இருக்க நிறுத்தியிருக்கிறோம், இது முதல் தடவை என்றால் ரீஸ்டார்ட் பண்ணுங்கள், திரும்பத் திரும்ப வந்தால் புதிதாகப் போட்ட ஹார்டுவேரைப் பாருங்கள், எஃப்8 அழுத்தி சேஃப் மோடில் போங்கள் என்று வழி சொல்லும். கீழே குறியீடும் நாலு எண்களும் இருக்கும். சில நேரம் மாட்டிக்கொண்ட டிரைவரின் பெயரும் இருக்கும். என் கணக்கில் நீலத் திரை எழுத்தின் பொற்காலம் இதுதான். ஆலோசனைகள் பொத்தாம்பொதுவாக இருந்தன என்பது உண்மை. ஆனால் "முதல் தடவையா, திரும்பத் திரும்பவா?" என்ற சரியான கேள்வியை அது கேட்டது. இந்தக் கேள்வியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறேன்.

2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது சோக முகம் வந்தது. உங்கள் பிசிக்கு ஒரு பிரச்சினை, தகவல் சேகரிக்கிறோம், நாங்களே ரீஸ்டார்ட் பண்ணுகிறோம் என்று ஒரு ஆறுதல். நாலு எண்களும் போய்விட்டன. குறியீட்டின் பெயர் மட்டும் சின்ன எழுத்தில் ஒரு ஓரத்தில். 2016-ல் க்யூஆர் கோடு சேர்ந்தது. ஸ்கேன் பண்ணினால் எல்லாருக்கும் பொதுவான ஒரு உதவிப் பக்கம் வரும். இப்போது வாசகர் இன்ஜினியரும் இல்லை, கம்ப்யூட்டர் வைத்திருப்பவரும் இல்லை. சமாதானப்படுத்தி உட்கார வைக்க வேண்டிய கஸ்டமர். துக்க வீட்டில் "மனசத் தேத்திக்கங்க" என்று சொல்லிவிட்டு, எப்படி நடந்தது என்று சொல்லாமல் போகிற ஆள் மாதிரி.

தகவலை அழித்துவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். பெரும்பாலும் மினிடம்ப் என்ற ஃபைலில் எல்லாம் பதிவாகும். விண்டோஸ் ஃபோல்டருக்குள்ளேயே இருக்கும். விண்டிபக் என்ற கருவியால் படிக்கலாம். ஆனால் ஃபார்மட் அடித்தால் முதலில் போவது அந்த ஃபைல்கள்தான். நண்பன் விஷயத்தில் மூன்று தடவை சாட்சியத்தை எரித்துவிட்டு, மூன்று தடவை விசாரணையை ஆரம்பித்திருக்கிறோம்.

அந்தச் சனிக்கிழமை பெங்களூரிலிருந்து பாலக்கோடு போனேன். கடையில் டைப் பண்ணுகிற பொண்ணு ஒரு காரியம் செய்து வைத்திருந்தாள். ஜெராக்ஸ் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில், ஒவ்வொரு தடவை நீலம் வரும்போதும் கடைசி வரியில் இருந்த ஆங்கில வார்த்தையைத் தேதியோடு எழுதியிருந்தாள். "என்னன்னு தெரியலண்ணா, சர்வீஸ்காரர் கேட்டா காட்டலாம்னு எழுதுனேன்" என்றாள். யாரும் கேட்கவில்லை.

மூன்று வாரத்தில் ஒன்பது பதிவுகள். மெமரி மேனேஜ்மென்ட், மூன்று தடவை. ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல், ரெண்டு. பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா, ரெண்டு. சிஸ்டம் சர்வீஸ் எக்ஸப்ஷன் ஒன்று. பாதியில் ரீஸ்டார்ட் ஆகி எழுத முடியாமல் போனது ஒன்று.

இதில் எந்த ஒரு வரியையும் தனியாக எடுத்து இணையத்தில் தேடினால் பத்து விதமான வைத்தியம் கிடைக்கும். டிரைவர் அப்டேட் பண்ணு, ஆன்டிவைரஸ் எடு, சிஸ்டம் ஃபைல் செக் ஓட்டு. ஆனால் ஒன்பதையும் வரிசையாகப் படித்தால் கதையே வேறு. ஒரே குறியீடு திரும்பத் திரும்ப வந்தால், முதல் சந்தேகம் ஒரு குறிப்பிட்ட டிரைவர் அல்லது சாஃப்ட்வேர் மேல். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு குறியீடு, வேறு வேறு வேலை செய்யும்போது வந்தால், சந்தேகம் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிற ஹார்டுவேருக்குப் போக வேண்டும். ராம், பவர் சப்ளை, சூடு. இது நூற்றுக்கு நூறு விதி இல்லை. ஆனால் எங்கே தேட ஆரம்பிப்பது என்பதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

இதற்கு எதிர் உதாரணம் உலகமே பார்த்தது. 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு தவறான அப்டேட்டால், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் விழுந்தன. நம்மூர் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அத்தனை திரைகளிலும் கிட்டத்தட்ட ஒரே கதை, ஒரே டிரைவர். அதனால்தான் சில மணி நேரத்துக்குள் காரணம் தெரிந்தது. சேஃப் மோடில் போய் ஒரு ஃபைலை அழித்தால் மெஷின் எழுந்துவிடும். அங்கே 85 லட்சம் மெஷினுக்கு ஒரு கதை. பாலக்கோட்டில் ஒரு மெஷினுக்கு நாலு கதை. இந்த வித்தியாசம்தான் நோயைக் காட்டிக்கொடுக்கும் அறிகுறி. ஆனால் ஒரு திரையை மட்டும் பார்க்கிறவருக்கு இந்த வித்தியாசம் கண்ணில் படவே படாது.

அன்றைக்கு ராத்திரி மெம்டெஸ்ட் என்ற சோதனையைப் பென் டிரைவில் போட்டு ஓடவிட்டோம். காலையில் திரை முழுக்க சிவப்பு வரிகள். ரெண்டு ராம் குச்சிகள் இருந்தன. ஒவ்வொன்றாகக் கழற்றி, தனியாகப் போட்டு ஓட்டினோம். ஒன்று சுத்தம். இன்னொன்று எந்த ஸ்லாட்டில் போட்டாலும் பிழை காட்டியது. அப்படியென்றால் மதர்போர்டு ஸ்லாட்டில் குறை இல்லை, குச்சியில்தான் குறை. பின்னாளில் செகண்ட் ஹாண்டில் வாங்கிச் சேர்த்த குச்சி அது. அதைக் கழற்றிவிட்டு, மீதி நாலு ஜிபியில் அட்மிஷன் சீசனை ஓட்டினான். அடுத்த வாரம் பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் அறுநூறு ரூபாய்க்கு ஒரு பழைய குச்சி வாங்கி, டெஸ்ட் பண்ணிவிட்டுப் போட்டேன்.

இப்போது ஃபார்மட் வைத்தியத்துக்கு வருகிறேன். ஃபார்மட்டால் சில நேரம் சரியாகும், குறிப்பாக டிரைவர் குழப்பம் என்றால். அதனால்தான் அந்த நம்பிக்கை சாகாமல் இருக்கிறது. ஆனால் கெட்ட ராம் இருக்கும்போது ஃபார்மட் பண்ணுவது, ஓட்டைக் குடத்தில் புதுத் தண்ணீர் பிடிக்கிற கதை. புது விண்டோஸின் ஃபைல்கள் அந்தக் கெட்ட ராம் வழியாகத்தான் டிஸ்குக்குப் போகின்றன. போகிற வழியிலேயே சில எழுத்துகள் மாறிவிடலாம். சிஸ்டம் ஃபைலைச் சரிபார்க்கிற கட்டளைக்கும் இதே கதிதான். அதனால் வரிசை முக்கியம். முதலில் ராம், சூடு, பவர், டிஸ்க். கடைசியில்தான் விண்டோஸ்.

சர்வீஸ்காரரைக் குறை சொல்லி முடித்துவிட எனக்கு மனசில்லை. ஒரு நாளைக்கு எத்தனையோ மெஷின் அவர் மேஜைக்கு வருகிறது. ராத்திரி முழுக்க ராம் டெஸ்ட் ஓட்டினால் அதற்கு யாரும் கூலி தர மாட்டார்கள். ஃபார்மட்டுக்குத் தருவார்கள். திரையும் அவருக்கு எதையும் சொல்லவில்லை. ஆனால் "வயசாயிடுச்சு" என்ற தீர்ப்பை மட்டும் ஏற்க முடியாது. வயசு ஒரு காரணம் இல்லை. வயசு ஏதாவது ஒரு பாகத்தின் வழியாகத்தான் வேலை செய்யும். காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட், உப்பிய கப்பாசிட்டர், தூசி அடைத்த ஃபேன், கறுத்துப்போன ராம் கான்டாக்ட், தேய்ந்த டிஸ்க். இதில் எது என்று பெயர் சொல்லாத வரைக்கும் அது நோய் கண்டறிதல் ஆகாது, கைவிரிப்பு.

இது ஒரு கடையின் பிரச்சினை மட்டும் இல்லை. 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பெரும்பாலான இன்டெல் சிப்புகள் விண்டோஸ் 11-ன் ஆதரவுப் பட்டியலில் இல்லை. 2011-ல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினிகள், எனக்குத் தெரிந்த பல வீடுகளில் பரண் மேல் கிடக்கின்றன. பென்னாகரம், அரூர் பக்கம் சொந்தக்காரர் வீடுகளில் கேட்டால் "அது நீலமாயிடுச்சுப்பா" என்பதோடு கதை முடிந்துவிடும். அதில் எத்தனைக்கு ஒரு ராம் குச்சியோ, லினக்ஸ் ஒன்றோ போதுமாக இருந்திருக்கும் என்று யாரும் பார்த்ததில்லை.

2025-ல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 11-ல் நீலத்தையே எடுத்துவிட்டது. இப்போது கறுப்புத் திரை. சோக முகம் இல்லை, க்யூஆர் கோடு இல்லை. நிறுத்தக் குறியீடும், தோற்றுப்போன டிரைவரின் பெயரும் தெளிவாகத் தெரியும் என்கிறார்கள். எண்பதுகளின் குழந்தையான எனக்கு நீலம் போனதில் சின்ன வருத்தம். ஆனால் ஆறுதலைக் குறைத்துத் தகவலை மேலே கொண்டுவந்தது நல்ல எடிட்டிங்தான்.

இருந்தாலும் அடிப்படைக் குறை அப்படியே இருக்கிறது. ராம் கெட்டிருந்தால், அந்த நேரத்தில் அந்த இடத்தைப் பயன்படுத்திய அப்பாவி டிரைவரின் பெயர் திரையில் வரும். பிணம் கிடந்த வீட்டுக்காரனையே கொலைகாரன் என்று எழுதுகிற மாதிரி. இன்னொன்று, அந்தத் திரை ஒவ்வொரு தடவையும் முதல் தடவை மாதிரியே பேசுகிறது. எக்ஸ்பி திரை "திரும்பத் திரும்பவா?" என்று நம்மிடம் கேட்டது. அதற்கான பதில் நம்மைவிட கம்ப்யூட்டருக்கு நன்றாகத் தெரியும். ரிலையபிலிட்டி ஹிஸ்டரி என்று தேடித் திறந்தால், எந்தெந்த நாளில் விழுந்தது என்று காலண்டர் மாதிரி காட்டும். எல்லாம் உள்ளே இருக்கிறது. "கடந்த 21 நாளில் 9 தடவை, 4 வேறு குறியீடுகள், ராமைச் சோதிக்கவும்" என்ற ஒரே ஒரு வரியைக் கறுப்பிலோ நீலத்திலோ காட்டியிருந்தால், ஆயிரத்து ஐந்நூறு ரூபாயும் ஒரு ஃபோல்டரும் மிச்சமாகியிருக்கும். மைக்ரோசாஃப்ட் எழுதாத அந்த வரியைத்தான் அந்தப் பொண்ணு கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

மெஷின் இப்போதும் ஓடுகிறது. ஆகஸ்டில் ரெண்டு தடவை நீலம் வந்தது. ரெண்டு தடவையும் ஒரே குறியீடு, ரெண்டு தடவையும் பிரின்ட் கொடுக்கும்போது. நோட்டைப் பார்த்ததும் நண்பனே பிரின்டர் டிரைவரை மாற்றிவிட்டுத்தான் எனக்குப் போன் பண்ணினான். நான் பெங்களூரிலிருந்து கிளம்ப வேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று.

உங்கள் வீட்டில் ஒரு பழைய மெஷின் இப்படி விழுந்துகொண்டிருந்தால், ஃபார்மட்டுக்குக் கொடுப்பதற்கு முன்னால் ரெண்டே காரியம் செய்யுங்கள். சிஸ்டம் செட்டிங்கில் தானாக ரீஸ்டார்ட் ஆவதை நிறுத்துங்கள், திரை நிற்கும், படிக்கலாம். பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். மினிடம்ப் ஃபைலைப் படிப்பது எப்படி என்று அடுத்த பதிவில் எழுதுகிறேன்.