கல்லும் சபையும்: தரங்கம்பாடி ஆலய வரலாறுகள் குறித்து

கடற்கரை நகர்களின் தொன்மைமிகு ஆலயங்களைப் பற்றி ஆண்டுவிழா மலர்களில் வெளிவரும் வரலாறுகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. அடிக்கல் நாட்டிய நாள், பிரதிஷ்டை நாள், ஆளுநரின் பெயர், கல்லறைகளின் பட்டியல் ஆகியவற்றோடு அவை நிறைவு பெறுகின்றன. இம்முறை போதுமானதா என்பதைத் தரங்கம்பாடியை முன்வைத்து ஆராய்வது நலம்.

டேனியருக்கென 1701இல் எழுந்தது சீயோன் ஆலயம். சீகன்பால்குவும் புளூச்சோவும் 1706 ஜூலை 9இல் கரையிறங்கினர். 1707 மே 12இல் ஐவர் ஞானஸ்நானம் பெற்றனர். அவர்களை "முதற்கனிகள்" எனப் போற்றும் மலர்கள், அவர்கள் டேனிய இல்லங்களில் அடிமைகளாயிருந்தவர்கள் என்பதை அரிதாகவே கூறுகின்றன. தமிழ்ச் சபைக்கென 1707இல் கட்டப்பட்ட எருசலேம் ஆலயம் பின்னர் கடலுக்கு இரையாயிற்று. 1718இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட புதிய எருசலேம் ஆலயம் இன்றும் நிற்கிறது. 1719இல் மறைந்த சீகன்பால்கு அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

சிலுவை வடிவான அவ்வாலயத்தின் அமைப்பை வியந்து எழுதுவோர், அதனுள் சாதிவாரியாகச் சபையார் பிரிந்து அமர்ந்ததை எழுதுவதில்லை. 1733இல் ஆரோன் குருப்பட்டம் பெற்றதைப் பெருமையுடன் குறிப்போர், உபதேசியார் இராஜநாயக்கனைப் பற்றி வாளாவிருக்கின்றனர். தஞ்சை மன்னரின் படைவீரராயிருந்த அவர், தரங்கம்பாடியில் அச்சான தமிழ் வேதப் பகுதியை வாசித்து இச்சபைக்கு வந்தவர். உழைப்பில் எவருக்கும் பின்னிடாதவர். ஆயினும் தாழ்த்தப்பட்ட குலத்தவராகையால், அவர் கையிலிருந்து பிறர் நற்கருணை பெறார் என்றஞ்சி அவருக்குக் குருப்பட்டம் மறுக்கப்பட்டது. அச்சுப் புத்தகம் அவரைச் சென்றடைந்தது. திருப்பந்தியில் பணிபுரியும் உரிமையோ அவரைச் சென்றடையவில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டை இன்றைய அளவுகோலால் அளக்கலாகாது என்பர் சிலர். அவ்வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால், சபையில் பட்சபாதத்தைக் கண்டிக்கும் யாக்கோபின் நிருபம் அன்றும் அவர்கள் கையிலிருந்தது. மேலும், இங்கு நமது நோக்கம் முன்னோரைத் தீர்ப்பதன்று. நாம் எதை மறைக்கிறோம் என்பதை உணர்வதேயாம்.

இது கடற்கரைக்கு மட்டும் உரிய வினா அன்று. செங்கத்தில் ஜவ்வாது மலையடிவாரத்துச் சிற்றாலயமொன்றின் வரலாற்றை நாளை எழுத முற்படும் போதகரும், யார் கட்டினார் என்பதோடு நில்லாமல், யார் எங்கே அமர்ந்தனர், யார் வெளியே நின்றனர் என்றும் வினவக் கடமைப்பட்டவர். சுவர்களைப் புதுப்பிக்க நிதி திரட்டும் நாம், ஜீவனுள்ள கற்களின் பெயர்களையும் மீட்டெடுப்போமாக.