முக்கோணக் கண்ணாடி

பழைய வண்டி ஒன்றைப் புதுப்பித்திருக்கிறோம், வந்து பாருங்கள் என்று யாராவது கூப்பிட்டால், பெயிண்ட்டைக் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் முன்கதவின் மூலையில் இருக்கும் முக்கோணக் கண்ணாடிக்குப் போவேன். பட்டறைக்காரர்கள் குவார்ட்டர் கிளாஸ் என்பார்கள். அதன் பிடியைத் தூக்கி, ஒற்றை விரலால் தள்ளிப் பார்ப்பேன். விரலுக்கு வழிவிட்டு நகர்ந்து, விட்ட இடத்தில் அப்படியே நின்றால் அந்த வண்டியில் வேலை தெரிந்தவர் கை பட்டிருக்கிறது. கடகடவென்று ஆடினாலோ, கல்லாக இறுகிக் கிடந்தாலோ மேலே பூசிய பளபளப்பு எவ்வளவு இருந்தும் எனக்கு மனம் ஒட்டாது.

அம்பாசிடரில் இந்தக் கண்ணாடி உண்டு. மும்பையில் தயாரான பிரீமியர் பத்மினியிலும் உண்டு. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்கு உடல் கட்டிய ஃபிஷர் நிறுவனம் 1933 மாடல்களில் இதைப் பரவலாகக் கொண்டுவந்தது. கிட்டத்தட்ட நிமிர்ந்து நிற்கும் ஓர் அச்சில் கண்ணாடி சுழல்கிறது. முன்விளிம்பு உள்ளே வர, பின்விளிம்பு வெளியே போகும். கொஞ்சமாகத் திறந்தால், ஓடுகிற வண்டியைக் கடக்கும் காற்று அந்தப் பின்விளிம்பின் பக்கத்தில் அழுத்தத்தைக் குறைக்கிறது. உள்ளே தேங்கிய வெக்கையும் பீடிப் புகையும் தாமாக வெளியே இழுபடுகின்றன. பாதிக்கு மேல் திருப்பிவிட்டால் அதே கண்ணாடி எதிர்க்காற்றை வாரி ஓட்டுகிறவர் நெஞ்சில் கொட்டும். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. ஒரு முக்கோணத் துண்டைத் திருப்புகிற கோணத்திலேயே காற்றை வெளியேற்றவும் வரவழைக்கவும் முடிகிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புத்தான்.

1964 இறுதியில் ஃபோர்டு நிறுவனம் இங்கிலாந்தில் கார்டினா காரில் முன்பலகை வழியே காற்றை உள்ளே விட்டுப் பின்னால் வெளியேற்றும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதன் பிறகு இந்தச் சின்னக் கண்ணாடியின் தேவை குறையத் தொடங்கியது. திருடர்கள் நெம்பித் திறக்க வசதியான இடம், வேகத்தில் விசில் அடிக்கும், செய்யச் செலவு கூடும் என்று காரணங்கள் சேர்ந்தன. ஏ.சி. வந்து மிச்சத்தையும் முடித்தது. இன்று உலகம் முழுக்க இதை உயிராகப் பேணுகிறவர்களில் முன்னே நிற்பவர்கள் பழைய ஃபோக்ஸ்வேகன் வேன்காரர்கள். எங்கள் பக்கத்தில் வேன் என்றால் ஒரு காலத்தில் மெட்டடார்தான். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் 20 வேனை இப்போது காண்பதே அபூர்வம். கரிசல் ஊர்களில் இந்தக் கைவேலையைப் பார்க்க வேண்டுமானால், இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் அம்பாசிடர் கதவுகளில்தான் பார்க்க வேண்டும். 1950-களின் இறுதியில் தொடங்கி 2014 மே மாதம் வரை கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தரபாராவில் வெளிவந்த வண்டி அது.

கோவில்பட்டி, எட்டயபுரம், ஒட்டப்பிடாரம், பாஞ்சாலங்குறிச்சி. இந்த வட்டாரத்தைவிடக் கண்டிப்பான பரிசோதனைச் சாலை ரப்பருக்கு வேறு இருக்குமா தெரியவில்லை. கரிசல் மண் ஈரத்தில் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். உழுத காட்டிலிருந்து கிளம்பும் புழுதி முகப்பவுடர் அளவுக்கு நுணுக்கம். ஆடி பிறந்தால் மேற்கிலிருந்து காற்று அடிக்கும். கயத்தாறு பக்கம் நிற்கும் காற்றாலைகளே அதற்குச் சாட்சி. அந்தக் காற்று புழுதியைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் கதவின் மேல் மோதுகிறது. கிழக்கே தூத்துக்குடி உப்பளங்களின் ஈரக்காற்று குரோமியப் பூச்சையும் இரும்பையும் அரிக்கிறது. மழை வருஷத்தில் கொஞ்ச நாள்தான். மற்ற ஊர்களில் தண்ணீர் கசிகிறதா என்று பார்ப்பார்கள். இங்கே தூசி கசிகிறதா என்று பார்க்க வேண்டும். தூசி தண்ணீரைவிடக் கெட்டிக்காரத்தனமாக வழி கண்டுபிடிக்கும்.

ஆகவே இந்த வேலையின் நாயகன் கண்ணாடி இல்லை, அதைச் சுற்றியிருக்கும் கறுப்பு ரப்பர். அதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச ஆசை.

மரத்துப்பாலில் செய்த ரப்பர் எங்களுக்குத் தொலைவான சரக்கு இல்லை. தெற்கே கன்னியாகுமரி மாவட்டத்தில், குலசேகரம் பக்கம் மலையடிவாரமெல்லாம் ரப்பர்த் தோட்டம். வெறும் பால் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் முறுகும். அதைக் கந்தகத்தோடு சூடாக்கினால் நிலையான பொருளாகும் என்பதற்கு 1844-இல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் காப்புரிமை வாங்கினார். கரித்தூள் சேர்த்தால் வலுவும் வரும், வெயிலையும் தாங்கும். ரப்பர் கறுப்பாக இருப்பது அதனால்தான். இவ்வளவு செய்தும் அதற்கு ஒரு பகை மிஞ்சுகிறது. காற்றில் மிகச் சிறிதளவே இருக்கும் ஓசோன், இழுபட்ட நிலையில் இருக்கும் ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலியை வெட்டுகிறது. வெடிப்பு எப்போதும் இழுவைக்குக் குறுக்காக விழும். பழைய குவார்ட்டர் கிளாஸ் ரப்பரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால், கோடையில் வெடித்த கரிசக்காட்டைப் போலக் கீறல்கள் தெரியும். அவை எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருக்காது. வளைவுகளில்தான் நெருக்கமாக இருக்கும். ரப்பரை மூலையில் இழுத்து மாட்டியவர் யார், தளர்வாக விட்டவர் யார் என்று பல வருஷம் கழித்து அந்தக் கீறல்களைப் படித்தே சொல்லிவிடலாம்.

இன்னொரு நோய், அமுங்கிப் போவது. வருஷக்கணக்கில் கண்ணாடி ஒரே இடத்தில் அழுத்த, ரப்பரின் உதடு தட்டையாகி, கண்ணாடியைத் திறந்த பிறகும் எழும்பாது. பார்வைக்கு நன்றாக இருக்கும், வெடிப்பே இருக்காது, ஆனால் தூசி உள்ளே போகும். புதிதாகக் கற்கிறவர்கள் ஏமாறுகிற இடம் இதுதான். நகத்தால் அழுத்தி விட்டதும் உதடு துள்ளி எழ வேண்டும். 1960-களில் பரவிய இபிடிஎம் என்ற செயற்கை ரப்பரின் சங்கிலி முதுகில் ஓசோன் வெட்டுவதற்கான பலவீனமான கண்ணி இல்லை. இன்று நல்ல ரப்பர் பீடிங் வாங்க வேண்டுமானால் அதைத்தான் கேட்க வேண்டும். பழைய வண்டிக்குப் பழைய பொருள்தான் போட வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் உண்டு. என் ரசனை வேறு. உருவம் பழையதாக இருக்கட்டும், சரக்கு புதியதாக இருக்கட்டும். உதட்டின் அகலம், அதன் சாய்வு, மூலையின் வளைவு இவை மாறினால்தான் வண்டியின் முகம் மாறும்.

கழற்றும் வேலை பொறுமையைக் கேட்கும். உள்கதவின் அட்டையை எடுத்து, மேல் அச்சின் ரிவெட்டைத் துளைத்து, அடி அச்சின் நட்டைத் தளர்த்த வேண்டும். அடி அச்சில்தான் துரு குடியிருக்கும். ரப்பருக்கும் இரும்புக்கும் நடுவில் தங்கிய ஈரப்புழுதி அங்கேதான் இறங்குகிறது. துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி காத்திருப்பவர் கெட்டிக்காரர். சுத்தியலை எடுப்பவர் கண்ணாடியை இழப்பார். இது பதப்படுத்திய கண்ணாடி. முகத்தில் அடி தாங்கும். விளிம்பில் லேசாகப் பட்டாலும் நொறுங்கி உதிரும். அறுத்தோ தேய்த்தோ சரிசெய்யவும் முடியாது. பிடியோ அந்தக் காலத்துக் கார்களில் பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்த்தது. அதில் உப்புக்காற்று கொப்புளம் போட்டுவிட்டால் புதுப் பூச்சு பூசுவதும் எளிதில்லை. அதனால்தான் சென்னை புதுப்பேட்டையிலும் கொல்கத்தா மல்லிக் பஜாரிலும் பழைய பிடி ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால் ஆட்கள் பொன்னாக எடுத்து வைக்கிறார்கள்.

கண்ணாடியை அதன் சட்டத்துக்குள் உட்கார வைப்பது தனிக் கலை. சட்டத்தின் பள்ளத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மெல்லிய ரப்பர் நாடா போகும். நாடா கொஞ்சம் தடித்தால் சட்டம் விரியும், மெலிந்தால் கண்ணாடி நழுவும். சோப்புத் தண்ணீர் தடவி, மரச்சுத்தியலால் சட்டத்தை ஓரம் ஓரமாகத் தட்டி இறக்கி, பிதுங்கி நிற்கும் நாடாவை நனைத்த கத்தியால் ஒரே இழுப்பில் அறுப்பார்கள். அந்த அறுப்பு நேராக விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒருவருடைய கையெழுத்தை அதில் பார்க்கலாம்.

பிறகு சுற்று ரப்பர். வார்ப்பச்சில் வார்த்த ஒற்றைத் துண்டு கிடைத்தால் பாக்கியம். கிடைக்காத இடத்தில் மீட்டர் கணக்கில் விற்கும் பீடிங்கை வெட்டி மூலையில் சாய்வாக ஒட்ட வேண்டும். தேவையான நீளத்தைவிட ஒரு துளி கூடுதலாக வெட்டி, நெருக்கித் திணித்து உட்கார வைப்பதுதான் இதன் ரகசியம். இழுத்து மாட்டினால் ஓசோனுக்கு அழைப்பு வைத்தது மாதிரி. நாளாக ஆகச் சுருங்கி மூலையில் வாயும் பிளக்கும். நெருக்கி மாட்டிய ரப்பர் தன் மூலையைத் தானே அடைத்துக்கொள்ளும். கதவடியில் ஒட்டு தெரிகிறதா, மேலே தெரிகிறதா என்பதையும் கவனிப்பேன். கண்ணில் படாத இடத்தைத் தேடி ஒட்டியவர், மற்ற இடங்களிலும் யோசித்திருப்பார்.

வழுக்கலுக்கு எதைத் தடவுவது என்பதில் எங்கள் ஊர்ப் பழைய கைகளுக்கு ஒரு ஞானம் உண்டு. பல பட்டறைகளில் கைக்கு வரும் கிரீஸை எடுத்து அப்புவார்கள். கனிம எண்ணெயில் செய்த கிரீஸ் மரத்துப்பால் ரப்பரையும் இபிடிஎம்மையும் ஊதவைத்துக் கெடுக்கும். ஆமணக்கெண்ணெய் அப்படிச் செய்யாது. பழைய பிரேக் ரப்பர்களுக்கென்று விற்ற சிவப்பு கிரீஸே ஆமணக்கெண்ணெயில் செய்ததுதான். மானாவாரிக் கரிசலில் வரப்போரம் நிற்கும் ஆமணக்கு, குலசேகரத்து ரப்பருக்குத் துணையாகிறது. இந்தப் பொருத்தம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

எல்லாம் முடிந்து கடைசியில் வருவது அடி அச்சின் ஸ்பிரிங். கலையின் உச்சம் இதுதான் என்பேன். பல வண்டிகளில் அந்த ஸ்பிரிங்கை நட்டால் இறுக்கி, மடக்குத் தகட்டால் பூட்டுவார்கள். நட்டை அரைச் சுற்று கூட்டினால் கண்ணாடி இறுகும், பிடியை உடைத்துவிடும் அளவுக்குத் தள்ள வேண்டிவரும். அரைச் சுற்று குறைத்தால் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் காற்றே கண்ணாடியைச் சாத்திவிடும். இடையில் எங்கோ ஓர் இடம் இருக்கிறது. அதை அளக்கக் கருவி இல்லை. "அண்ணாச்சி, நீங்களே ஒரு விரலால தள்ளிப் பாருங்க, இன்னும் கொஞ்சம் பிடிக்கணுமா?" என்று வண்டிக்காரரிடம் கேட்டு வைப்பதே வழக்கம். புது ரப்பர் முதலில் கண்ணாடியைக் கடித்துப் பிடிக்கும், சில வாரத்தில் வழிவிடும். அந்த வருங்காலத் தளர்ச்சியையும் இன்றே கணக்கில் சேர்த்து நட்டை நிறுத்துகிற கைதான் கை.

இவ்வளவு அருமையான ஏற்பாட்டை, தூசி வருகிறது என்று சொல்லி சிலிக்கோன் பசையால் நிரந்தரமாக அடைத்துவிடுகிறார்கள். முக்கோணத்தையே எடுத்துவிட்டு ஒற்றைக் கண்ணாடி போடுபவர்களும் உண்டு. எனக்கு அது வருத்தமாக இருக்கிறது. வெயிலில் நிற்கும் வண்டிக்குள் ஏ.சி. வேலை செய்வதற்கு முன் முதல் வெக்கையை வெளியேற்ற இதைவிடச் சுலபமான வழி இன்றும் இல்லை. கி.ராஜநாராயணனின் 'கதவு' கதையில் கரிசல் பிள்ளைகள் வீட்டுக் கதவையே பஸ்ஸாக்கி ஏறி ஆடுவார்கள். அந்தப் பிள்ளைகளின் ஊர்க்காரர்கள் ஒரு கதவின் அசையும் உறுப்பைப் பசை வைத்து அடைக்கலாமா?

பாஞ்சாலங்குறிச்சிக்குப் போனால் புதுப்பித்தல் பற்றிய யோசனை தானாக வரும். 1799-இல் கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டபின் கோட்டையை இடித்தார்கள். 1801 பிப்ரவரியில் ஊமைத்துரையும் தோழர்களும் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து சில நாட்களிலேயே அதை மறுபடி எழுப்பினார்கள். மே மாதம்தான் கும்பினிப் படையால் பிடிக்க முடிந்தது. இன்று நாம் காண்பது 1974-இல் தமிழக அரசு கட்டிய நினைவுக் கோட்டை. பழைய கோட்டையின் எச்சங்களைத் தொல்லியல் துறை அருகிலேயே தனியாகப் பாதுகாக்கிறது. நினைவுக்காகக் கட்டியது ஒன்று, மிஞ்சியதைக் காப்பது இன்னொன்று. இரண்டும் வேண்டியவை, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. வண்டியிலும் நான் அதைத்தான் எதிர்பார்க்கிறேன். தயாரித்தவர் முத்திரை பொறித்த பழைய கண்ணாடி இருந்தால், கீறல் இருந்தாலும் அதையே வையுங்கள். ரப்பர் தேயப் பிறந்தது, அதை மாற்றுங்கள்.

வேலை முடிந்ததும் பட்டறை வாசலில் வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது பாதிச் சோதனை. செய்தித்தாளைப் பட்டையாகக் கிழித்து ரப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வைத்துச் சாத்தி இழுத்தால், எங்கும் ஒரே பிடிப்போடு வர வேண்டும். அதன்பின் கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனை வழியாக ஒட்டப்பிடாரம் போய், அங்கிருந்து பாஞ்சாலங்குறிச்சிக்கு, காட்டுப் பாதை ஒன்றிலும் இறங்கி ஓட்டி வரவேண்டும், ஆடி மாதமானால் உத்தமம். திரும்பி வந்து உள்பக்கம் பார்த்தால், தூசி நுழைந்த இடத்தில் விசிறி மாதிரி ஒரு கறுப்புத் தடம் விழுந்திருக்கும். அதன் கூர்முனை காட்டும் இடத்தில் ரப்பரைத் தூக்கி, அடியில் மெல்லிய பட்டை ஒன்று வைத்து, திரும்ப அமர்த்தினால் போதும். கூடவே கதவின் அடிவிளிம்பிலுள்ள வடிகால் ஓட்டைகளைக் கம்பியால் குத்தி விட வேண்டும். ஐப்பசி மழையில் கண்ணாடியைத் தாண்டி இறங்கும் தண்ணீர் அந்த வழியாகத்தான் வெளியேற வேண்டும். கரிசல் புழுதி அங்கே ஈரம் பட்டால் சாந்தாக இறுகிக்கொள்ளும். புரட்டாசியிலேயே இதைச் செய்துவிடுவது நல்லது.