திரையில் ஆடும் ஊசல்

மாணவர்கள் நன்கறிந்த தனி ஊசலை இணையத்தில் ஆட விட்டிருக்கிறது 'ஃபெட்' தளம். நோபல் பரிசு பெற்ற இயற்பியலறிஞர் கார்ல் வீமன் 2002-ல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம் இது. கட்டணம் இல்லை.

நூலின் நீளத்தை மாற்றலாம். ஊசலைச் சந்திரனுக்கோ வியாழனுக்கோ கொண்டு போகலாம். 'கோள் எக்ஸ்' என்று ஒன்றும் உண்டு. அதன் ஈர்ப்பு முடுக்கத்தை மாணவரே கண்டறிய வேண்டும். எந்தப் பாடநூலிலும் விடை கிடையாது! குண்டை 90 பாகைக்கு இழுத்து விட்டால் அலைவு நேரம் ஏறத்தாழ 18 சதவீதம் கூடுகிறது. சிறு கோணத்துக்கு மட்டுமே பொருந்தும் சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர் இங்கே திகைக்கத்தான் வேண்டும்.

ஆனால், இதன் அலைவுநேரங்காட்டி எத்தனை முறை அளந்தாலும் அதே எண்ணைத் தருகிறது. ஆய்வுக்கூடத்தில் அப்படியா? கடிகாரத்தை அழுத்தும் விரல் கால் விநாடி பிந்தலாம். ஓர் அலைவை மட்டும் அளந்தால் அப்பிழை முழுவதும் விடையில் ஏறும். 20 அலைவுகளை அளந்து வகுத்தால் இருபதில் ஒரு பங்காகிவிடும். ஏன் 20 என்ற கேள்வியே திரையின் முன் எழுவதில்லை. பூட்டிக் கிடக்கும் ஆய்வுக்கூடத்துக்கு இத்தளத்தைச் சமாதானமாகச் சொல்லிவிடக் கூடாது. மாணவ நண்பர்களே, முதலில் நூலில் ஒரு கல்லைக் கட்டி ஆட்டிப் பாருங்கள். 9.8-க்குப் பதில் 9.5 வந்தால் ஏனென்று தேடுங்கள். வியாழனுக்குப் பிறகு போகலாம்.