இல்லாத வயலின்

சில வருஷங்களுக்கு முன் நான் எழுதிய நாவலில் கதாநாயகன், வேலை போன அன்று இரவு, விளக்கை அணைத்துவிட்டு மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' என்ற இசைத்தட்டைக் கேட்கிறான். வயலினின் விசும்பலில் கரைந்துபோகிறான் என்று எழுதியிருந்தேன். புத்தகம் வெளிவந்த மாதமே ஒரு வாசகரிடமிருந்து கடிதம் வந்தது. அந்தத் தட்டில் வயலின் எந்த இடத்தில் வருகிறது என்று தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன் என்று இரண்டே வரி.

எந்த இடத்திலும் வருவதில்லை. நான் அந்தத் தட்டைக் கேட்டதே கிடையாது. ஜாஸ் சங்கீதத்தில் தலைசிறந்த தட்டு எது என்று ஒரு நண்பரை விசாரித்து, பெயரை மட்டும் வாங்கிக் கதையில் போட்டுவிட்டேன். நாவலாசிரியர்கள் செய்கிற காரியம்தான். ஆனால் கதாபாத்திரத்தின் துக்கத்தையே இரவல் பெயரில் நிறுத்திவிட்டோமே என்று உறுத்தியது. வாசகருக்குப் பதில் எழுதத் தைரியம் இல்லாமல், தட்டைக் கேட்க உட்கார்ந்தேன்.

முதல் தடவை எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பெரிய ஓட்டல்களின் முன்கூடத்தில், யாரும் கேட்கவேண்டும் என்ற உத்தேசம் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்குமே, அந்த மாதிரி இருந்தது. சாக்ஸபோன் என்றால் எனக்குக் கத்ரி கோபால்நாத்தான். அந்தப் பித்தளைக் குழாயைக் கமகத்துக்கு வளைத்துப் பழக்கியவர் அவர். இங்கே இரண்டு சாக்ஸபோன்கள், ஜான் கால்ட்ரேனுடையதும் கேனன்பால் ஆடர்லியுடையதும்; இரண்டும் ஸ்வரத்தைத் தொட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தன.

மூன்றாம் தடவைதான் காது விழித்துக்கொண்டது. முதல் உருப்படிக்கு 'ஸோ வாட்' என்று பெயர். அதனால் என்ன என்று அர்த்தம். பால் சேம்பர்ஸின் பாஸ் வாத்தியம் தாழ்ந்த குரலில் எதையோ சொல்கிறது. மற்றவர்கள் இரண்டே அசையில் பதில் சொல்கிறார்கள். திண்ணையில் கதை கேட்கிறவன் உம் கொட்டுவானே, அதுபோல. சொல்லப்படுகிற ஸ்வரங்கள் நம் கரகரப்பிரியாவின் ஸ்வரங்கள். தற்செயலான ஒற்றுமை என்று தள்ளிவிட முடியாது. அதுவரை ஜாஸ் வித்வான்கள் நொடிக்கு நொடி மாறும் கார்டுகளின் மேல் ஓடிக்கொண்டிருந்தார்கள். மைல்ஸ் டேவிஸ் அந்த ஓட்டத்தைக் குறைத்து, ஒரே ஸ்வரவரிசையில் வெகுநேரம் தங்க வழி செய்தார். முன்கூட்டி ஒத்திகையும் இல்லை. வந்தவர்களிடம் வெறும் குறிப்புகளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். நம் மனோதர்மத்துக்கு இதைவிடக் கிட்டத்தில் அவர்கள் வரமுடியுமா என்று தோன்றியது.

வரமுடியாது என்பதும் அடுத்த நிமிஷமே தெரிந்தது. ஸ்வரங்கள் இருக்கின்றன, கரகரப்பிரியா இல்லை. காந்தாரமும் நிஷாதமும் அசையாமல் கட்டைபோல் நிற்கின்றன. அதைவிட மோசம் ஒன்று உண்டு. முப்பத்திரண்டு ஆவர்த்தனம் கொண்ட சுற்றில் பதினாறு போனதும், எல்லாரும் சேர்ந்தாற்போல் சுருதியை அரைக்கட்டை ஏற்றிவிடுகிறார்கள். எட்டு ஆவர்த்தனம் மேலே, மறுபடி எட்டு கீழே. நம் மேடையில் இப்படி நடந்தால் தம்பூராக்காரர் எழுந்து போய்விடுவார். எனக்கு ஆரம்பத்தில் படியில் கால் இடறினாற்போல் இருந்தது. இப்போது அந்த இடம் எப்போது வரும் என்று காத்திருக்கிறேன். துக்கத்தில் இருக்கிறவன் சற்றுத் தலைநிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொள்வதுபோல் இருக்கிறது அது.

சுருதி என்றதும் ஒன்று சொல்லவேண்டும். 1959 மார்ச் 2ந் தேதியும் ஏப்ரல் 22ந் தேதியும், நியூயார்க்கின் முப்பதாவது தெருவில், பழைய தேவாலயம் ஒன்றை மாற்றி அமைத்திருந்த கூடத்தில் இதைப் பதிவு செய்தார்கள். மார்ச் மாதப் பதிவில் நாடா இயந்திரம் சற்று மெதுவாக ஓடிவிட்டது. அதனால் தட்டின் முதல் பக்கம் முழுவதும் உண்மையில் வாசித்ததைவிடச் சுருதி தூக்கலாகவே வெளிவந்தது. 1992ல் வந்த பதிப்பில்தான் திருத்தினார்கள். முப்பத்து மூன்று வருஷம் உலகம் புகழ்ந்தது அந்தத் தூக்கலான சுருதியைத்தான். இல்லாத வயலினை எழுதிய எனக்கு இதில் ஓர் அற்ப ஆறுதல்.

இரண்டாம் பக்கம் எனக்கு ஒட்டவில்லை. 'ஃப்ளமென்கோ ஸ்கெட்சஸ்' ஐந்து ஸ்வரவரிசைகளில் ஒவ்வொன்றாகத் தங்கித் தங்கிப் போவது. வாசிக்கிறவர் இஷ்டப்பட்ட நேரம் தங்கலாம். ராகமாலிகைதான். ராகமாலிகையில் எனக்கு எப்போதுமே பொறுமை கிடையாது.

இந்த உற்சாகத்தில் புகழ்பெற்ற வேறு தட்டுகளையும் தேடிக் கேட்டேன். பீட்டில்ஸ் குழுவின் 'சார்ஜன்ட் பெப்பர்' (1967) கெட்டிக்காரத்தனம் நிறைந்தது. அதற்குமேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு மனத்தாங்கல் மட்டும் உண்டு. அதில் ஒரு பாட்டில் நம் நாட்டு வாத்தியங்கள் ஒலிக்கின்றன. அட்டைப் படத்தில் பரமஹம்ச யோகானந்தர் உட்பட ஐம்பதுக்கு மேற்பட்ட முகங்கள். தில்ரூபாவும் தபலாவும் வாசித்தவர்களின் பெயர் அட்டையில் எங்குமே இல்லை.

கால்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்' வேறு ஜாதி. 1964 டிசம்பர் 9ந் தேதி, ஒரே நாளில், நாலு பேர் வாசித்தது. முதல் பகுதியில் நாலு ஸ்வரப் பிடி ஒன்றைப் பன்னிரண்டு சுருதியிலும் மாற்றி மாற்றி வாசித்துவிட்டு, தலைப்பின் வார்த்தைகளையே நாமாவளிபோல் வாயால் சொல்கிறார்கள். மூன்றாம் பகுதி தாளவாத்தியத்தின் தனியோடு ஆரம்பிக்கிறது. தனி ஆவர்த்தனத்தில் காப்பி சாப்பிட எழுந்துபோகும் நம் வழக்கத்தை நானும் விடவில்லை. நாலாம் பகுதிதான் என்னைப் பிடித்து உட்காரவைத்தது. கடவுளுக்கு நன்றி சொல்லிக் கால்ட்ரேன் எழுதிய பாடல் தட்டின் உறையில் அச்சாகியிருக்கிறது. அதை யாரும் பாடுவதில்லை. சாக்ஸபோன் அசை அசையாக அதை வாசிக்கிறது. வரி முடிகிற இடத்தில் மூச்சு இறங்குகிறது. உறையைக் கையில் வைத்துக்கொண்டு விரலை ஓட்டினால் வார்த்தைகள் தாமாக வந்து உட்காருகின்றன. கச்சேரியின் கடைசியில் தாளத்தை ஒதுக்கிவிட்டுப் பாடும் விருத்தத்துக்கு இது எந்த விதத்திலும் குறைந்ததல்ல. இதை வாசித்து மூன்று வருஷத்துக்குள், 1967ல், நாற்பது வயதில் அவர் போய்விட்டார். எனக்கு இப்போது அதைவிட அதிக வயது.

நாவலின் இரண்டாம் பதிப்புக்குப் புரூப் வந்திருந்தபோது வயலினை அடித்தேன். தட்டின் பெயரையும் மாற்றி இதைப் போட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். வேலை போன அன்று நன்றி சொல்லக்கூடியவன் அல்ல அவன்.

அன்றிரவு நாலாம் பகுதி ஓடிக்கொண்டிருந்தபோது என் மனைவி அடுக்களை வேலையை முடித்துவிட்டு வந்து நின்றாள். சற்று நேரம் கேட்டாள்.

"தாளம் எப்போ வரும்?" என்றாள்.

"வராது" என்றேன்.

பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.