சேர்ந்து புறப்படுங்கள், தனித்தனியாக ஓட்டுங்கள்

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கேட்கும் பைக் சத்தத்திலேயே விருதுநகர் மாவட்டத்துக்கு அது தெரிந்துவிடும். சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டைப் பக்கத்து இளைஞர்கள் எட்டு, பத்து வண்டிகளாகச் சேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், புளியங்குடி வழியாகத் தென்காசி சாலையைப் பிடிக்கிறார்கள். மதுரையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் நான்குவழிச் சாலையிலோ சென்னை, பெங்களூரு பதிவெண் கொண்ட பெரிய பைக்குகள் வரிசை கட்டிப் போகின்றன. பின்சீட்டில் பையைக் கட்டிக்கொண்டு தன்பாட்டுக்குப் போகும் ஒற்றை ஆளையும் அதே சாலையில் பார்க்கலாம். இந்த இரண்டில் எது நல்லது என்ற கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் விடை, கூட்டமாகப் போனால் பாதுகாப்பு, தனியாகப் போனால் சுதந்திரம் என்பது. என் கருத்தில் அந்த விடை பாதிதான் சரி. கூட்டத்தால் கிடைக்கும் பாதுகாப்பு வண்டி நிற்கும்போதுதான் கிடைக்கிறது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது கூட்டம் ஆபத்தைக் கூட்டுகிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கும் வழியை விளையாட்டு உலகம் நீண்ட காலத்துக்கு முன்பே கண்டுகொண்டது.

பக்கத்தில் ஆள் இருந்தால் மனிதன் வேகமாகப் போகிறான் என்பதற்கான முதல் ஆதாரமே சக்கரத்தின் மேல்தான் கிடைத்தது. அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் இருந்த நார்மன் டிரிப்ளெட், சைக்கிள் பந்தயப் பதிவுகளை வைத்து 1898-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். கடிகாரத்தை மட்டும் எதிர்த்துத் தனியாக ஓட்டியவர்களைவிட, இன்னொருவரோடு சேர்ந்து ஓட்டியவர்கள் தெளிவாகவே வேகமாக ஓட்டியிருந்தார்கள். பந்தயத் திடலில் இது நல்ல செய்தி. பொதுச்சாலையில் இதுவே கெட்ட செய்தி. 2005-ல் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டெயின்பெர்க்கும் பதின்ம வயதினர், இளைஞர், பெரியவர் என மூன்று பிரிவினரைக் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டை ஆடவைத்துப் பார்த்தார்கள். நண்பர்கள் உடனிருந்தபோது ஆபத்தைத் துணிந்து ஏற்கும் போக்கு கூடியது. வயது குறையக் குறைய அந்தத் தாக்கம் அதிகமாக இருந்தது. குற்றாலத்துக்குப் புறப்படும் கூட்டத்தில் பெரும்பாலோர் எந்த வயது என்று சொல்லத் தேவையில்லை. 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 44 சதவீதத்துக்கு மேற்பட்டோர் இருசக்கர வாகனங்களில் வந்தவர்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. மொத்த இறப்புகளில் பத்தில் ஏழுக்கு மேல் அதிவேகத்தின் கணக்கில் வருகின்றன. அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 64,105 விபத்துகள். வேகத்தைத் தூண்டும் எதையும் இந்த மாநிலம் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

வேகம் கூடுவது மனத்தின் வேலை மட்டும் என்று நினைத்தால், ஒழுங்காக ஓட்டுகிறவர்களின் கூட்டத்துக்கு ஆபத்து இல்லை என்று ஆகிவிடும். வரிசையின் கணக்கே அப்படி விடுவதில்லை. எட்டு வண்டிகள் ராஜபாளையம் ஊருக்குள் நெரிசலில் மாட்டுகின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆள் வெளியே வந்து மணிக்கு 80 கிலோமீட்டரில் போகத் தொடங்குகிறார். கடைசி ஆள் ஒரு நிமிடம் கழித்துத்தான் வெளியே வர முடிகிறது. அந்த ஒரு நிமிடத்தில் இருவருக்கும் இடையே 1,300 மீட்டருக்கு மேல் விழுந்துவிடுகிறது. முன்னால் போகிறவர் வேகத்தைக் குறைக்காவிட்டால், கடைசி ஆள் மணிக்கு 100 கிலோமீட்டரில் முழுதாக நான்கு நிமிடம் ஓட்டினால்தான் கூட்டத்தைப் பிடிக்க முடியும். அதாவது, ஊர்களும் பிரிவுச் சாலைகளும் நிறைந்த இருவழிச் சாலையில் ஆறரைக் கிலோமீட்டருக்குமேல் அவர் அந்த வேகத்திலேயே பறக்க வேண்டும். முதல் ஆள் 80-ஐத் தாண்டவே இல்லை. நிதானமாகத்தான் வந்தோம் என்று மனதார நம்புவார். கூட்டத்தில் வால்பகுதி எப்போதும் தலையைவிட வேகமாக ஓடுகிறது. புதிதாக வண்டி வாங்கியவரையும் குறைந்த அனுபவம் உள்ளவரையும் பல கூட்டங்கள் அந்த வாலில்தான் விடுகின்றன.

முந்திச் செல்லும்போது இதே கணக்கு இன்னும் கொடுமையாகிறது. சாத்தூரிலிருந்து சிவகாசிக்கோ, சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டைக்கோ போகும் சாலையில் பாரம் ஏற்றிய லாரி முன்னால் ஊர்கிறது. எட்டுப் பேரும் ஒரு விநாடி இடைவெளியில் பின்தொடர்கிறார்கள். எதிரே சாலை காலி என்று பார்த்து முதல் ஆள் வலப்பக்கம் ஏறுகிறார். எட்டாவது ஆள் அதே இடத்துக்கு வர ஏழு விநாடி ஆகும். மணிக்கு 60 கிலோமீட்டரில் எதிரே வரும் பேருந்து அந்த ஏழு விநாடியில் 117 மீட்டர் நெருங்கிவிடும். முதல் ஆளுக்குச் சரியாக இருந்த முடிவு எட்டாவது ஆளுக்குச் சாவாக முடியலாம். ஆனாலும் அவர் ஏறுவார். முன்னால் போனவர்கள் போய்விட்டார்கள், தானும் போய்விடலாம் என்ற நம்பிக்கை அவரை இழுக்கும். ஹாரி ஹர்ட் தலைமையில் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தார் லாஸ் ஏஞ்சலீஸில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981-ல் தந்த அறிக்கையின்படி, விபத்தைத் தவிர்க்க ஓட்டுநருக்குக் கிடைக்கும் நேரம் சராசரியாக இரண்டு விநாடிக்கும் குறைவு. அந்த இரண்டு விநாடிக்குள் முன்வண்டிக்காரனின் தீர்ப்பை நம்பிக்கொண்டிருக்க யாருக்கும் கட்டுபடியாகாது.

கரிசல் காட்டுச் சாலைக்கு என்று சில குணங்கள் உண்டு. தார்ச்சாலையில் பாதியை அடைத்து மக்காச்சோளம் காயும். சீமைக்கருவேலப் புதருக்குள்ளிருந்து ஆட்டு மந்தை திடீரென்று சாலைக்கு வரும். காலையிலும் மாலையிலும் பட்டாசு ஆலைக்கு ஆள் ஏற்றும் வேன்கள் நினைத்த இடத்தில் நிற்கும். ஓரம் ஒதுங்கலாம் என்றால், மழை பெய்த மறுநாள் கரிசல் மண்ணில் முன்சக்கரம் வழுக்கிக்கொண்டு போய்விடும். இவற்றை முன்கூட்டியே கண்டுகொள்ள ஓட்டுநருக்குத் திறந்த சாலை தெரிய வேண்டும். தனியாக ஓட்டுகிறவருக்குத் தெரிகிறது. வரிசையில் நான்காவதாக வருகிறவருக்கு முன்னால் போகும் நண்பரின் முதுகும் பின்விளக்கும்தான் தெரிகின்றன. முன்வண்டி ஒரு குழியை விட்டு ஒதுங்கிய பிறகே அங்கே குழி இருப்பது அவருக்குத் தெரியவருகிறது.

இனி விளையாட்டைப் பார்ப்போம். ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டை பந்தயத் திடலில் எல்லா வண்டிகளும் ஒரே நேரத்தில் புறப்படுகின்றன. அங்கே எதிரே வண்டி வராது, ஆடு வராது, வளைவுக்கு வளைவு கொடியோடு ஆள் நிற்கிறார். பொதுச்சாலைகளை மூடி 1907 முதல் நடத்தப்படும் ஐல் ஆஃப் மேன் டிடி பந்தயத்தில், சுமார் 60 கிலோமீட்டர் மலைச்சுற்றில் வீரர்களைப் பத்து விநாடிக்கு ஒருவராக அனுப்புகிறார்கள். எல்லோருக்கும் எதிரி கடிகாரம்தான். டிடி பாதுகாப்பான பந்தயம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த மலைச்சுற்றில் 250-க்கும் மேற்பட்ட வீரர்கள் இறந்திருக்கிறார்கள். அத்தனை ஆபத்தைத் துணிந்து ஏற்ற அமைப்பாளர்களே அந்தச் சாலையில் வீரர்களைக் கூட்டமாக அவிழ்த்துவிடுவதில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. டக்கார் ராலியிலும் பைக் வீரர்கள் இடைவெளி விட்டே புறப்படுகிறார்கள். தனியாகப் புறப்படுவதால் யாரும் அநாதையாக விடப்படுவதும் இல்லை. 2020 ஜனவரி 12 அன்று சவுதி பாலைவனத்தில், இந்தியாவின் ஹீரோ அணிக்காக ஓட்டிய போர்ச்சுக்கல் வீரர் பாலோ கொன்சால்வஸ் விழுந்தபோது, ஆஸ்திரேலியாவின் டோபி பிரைஸ் தன் பந்தயத்தை நிறுத்திவிட்டு அவர் அருகில் இருந்தார். கொன்சால்வஸைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் உதவிக்காக நின்றவர் இழந்த நேரத்தைத் திருப்பித் தருவது அந்தப் பந்தயத்தின் விதி. ஓடும்போது தனி, ஒருவர் விழுந்தால் எல்லோரும் என்பதை விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

இந்தத் தத்துவத்தைச் சிவகாசிக்காரர்களுக்கு வெளியிலிருந்து வந்து யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டாசு ஆலையில் ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் இடைவெளி விட்டுக் கட்டுகிறார்கள். ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்று விதி இருக்கிறது. ஒன்று வெடித்தால் மற்றது பிழைக்க வேண்டும் என்பதே அந்த இடைவெளியின் பொருள். வேலை மும்முரத்தில் அறைக்குள் ஆள் கூடும்போதும், மருந்து அளவுக்கு மேல் சேரும்போதும் சாவு எண்ணிக்கை ஒன்றிரண்டோடு நிற்பதில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் சுமார் 40 பேர் இறந்தார்கள். உதவிக்கும் பார்க்கவும் ஓடிவந்து திரண்டவர்களும் அதில் உண்டு. சாலையிலும் இதே நியாயம்தான். எட்டு வண்டி நெருங்கிப் போகும்போது ஒருவர் பிரேக் பிடிப்பது எட்டுப் பேரின் விவகாரமாகிவிடுகிறது. ஒருவர் விழுந்ததும் மற்றவர்கள் வண்டியை நடுச்சாலையில் போட்டுவிட்டு அவரைச் சூழ்வது அடுத்த விபத்துக்கு வழிவிடுகிறது.

இதற்கு வரும் மறுப்புகளில் வலுவானவை மூன்று. ஒற்றை பைக்கைக் கார் ஓட்டுகிறவர்கள் கவனிப்பதில்லை, கூட்டமாகப் போனால் கண்ணில் படும் என்பது முதலாவது. அதில் உண்மை இருக்கிறது. இன்னொரு வாகனத்தோடு மோதிய விபத்துகளில் மூன்றில் இரண்டில் அந்த வாகன ஓட்டிதான் வழிவிடத் தவறினார், பெரும்பாலும் பைக்கைப் பார்க்காமலேயே என்று ஹர்ட் அறிக்கையும் சொல்கிறது. ஆனால் கூட்டத்தின் முன்பகுதி கண்ணில் படும் அளவுக்கு, சற்றுப் பின்தங்கி வரும் கடைசி இரண்டு வண்டிகள் படுவதில்லை. எல்லோரும் போய்விட்டார்கள் என்று நினைத்துத்தான் டிராக்டர்காரர் சாலையில் ஏறுகிறார். 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வாகனங்களில் முகப்பு விளக்கு பகலிலும் எரிந்துகொண்டே இருக்கிறது. பளிச்சென்ற நிறத்தில் சட்டையும் ஹெல்மெட்டும் சேர்ந்தால் ஒற்றை ஆளும் போதுமான தூரத்திலிருந்தே தெரிவார்.

இரண்டாவது மறுப்பு, அமெரிக்காவின் மோட்டார் சைக்கிள் பாதுகாப்பு அறக்கட்டளையே கூட்டமாக ஓட்டும் முறையைக் கற்பிக்கிறதே என்பது. கற்பிக்கத்தான் செய்கிறது. தடத்தின் ஒரு பக்கம் ஒருவர், மறுபக்கம் ஒரு விநாடி பின்னால் அடுத்தவர், நேர் முன்னே போகிறவருக்கு இரண்டு விநாடி இடைவெளி என்பது அந்த முறை. கூட்டம் ஐந்து முதல் ஏழு பேருக்குள் இருக்கட்டும், வளைவு வந்தால் ஒற்றை வரிசைக்கு மாறுங்கள் என்பதும் அதே பாடத்தில் இருக்கிறது. தடம் முழுவதும் தனக்கே கிடைக்கும் சாலைக்கு வகுத்த ஒழுங்கு அது. சாத்தூர் தாண்டிய நான்குவழிச் சாலையில், நன்கு பழகிய ஐந்து பேருக்கு அது சரிப்படலாம். ஒரே தடத்தில் மாட்டுவண்டி, ஷேர் ஆட்டோ, எதிர்த்திசையில் வரும் மொபெட் எல்லாம் இருக்கும் இருவழிச் சாலையில் அந்த ஒழுங்கு இரண்டு நிமிடம்கூட நிற்காது.

மூன்றாவது மறுப்புதான் மனத்தைத் தொடுவது: தனியாகப் போகிறவர் விழுந்தால் யார் பார்ப்பார்கள்? நான் தனிப்பயணத்துக்காக வாதாடவில்லை என்பதால் இதற்கு நேராகவே விடை சொல்ல முடியும். எட்டுப் பேர் அரை நிமிட இடைவெளியில் புறப்பட்டால் முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் இடையே மூன்றரை நிமிடம்தான். மணிக்கு 60 கிலோமீட்டரில் ஒவ்வொருவருக்கும் முன்னால் அரைக் கிலோமீட்டர் திறந்த சாலை கிடைக்கும். கடைசி ஆளைத் தவிர யார் விழுந்தாலும் அரை நிமிடத்தில் அடுத்த நண்பர் வந்துவிடுவார். வரும் வழியிலேயே பார்த்து, ஓரமாக நிறுத்தி, 108-ஐ அழைக்க அவருக்கு நேரம் இருக்கும். வேகமாக ஓட்டுகிறவர் முதலில் போகட்டும். அப்போதுதான் வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்காது. நல்ல அனுபவசாலி கடைசியில் வரட்டும். முதலுதவிப் பெட்டியும் பஞ்சர் சாமானும் அவரிடம் இருக்கட்டும். திருப்பம் வரும் இடத்தில் இரண்டாவதாக வருகிறவர் நின்று, கடைசி ஆள் வரும்வரை வழிகாட்டினால், யாரும் யாரையும் துரத்த வேண்டியதில்லை. அடுத்து எங்கே கூடுவது என்று புறப்படும்போதே பேசிக்கொண்டால், டீயும் பரோட்டாவும் சிரிப்பும் அரட்டையும் ஒன்றும் குறையப்போவதில்லை.

தனியாக ஓட்டுவதாலேயே ஒருவர் நிதானமானவர் ஆகிவிடுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஹெல்மெட்டில் கேமரா பொருத்தியவர் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டத்தின் நடுவில் ஓட்டுகிறார். 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டி விழுந்த பிரபல யூடியூபரின் ஓட்டுநர் உரிமம் 10 ஆண்டுகளுக்கு முடக்கப்பட்டதைத் தமிழ்நாடே பார்த்தது. பார்க்கிறவர்களுக்காக ஓட்டும் மனத்தை விட்டால்தான் தனிமையும் பயன் தரும்.

அடுத்த சீசனுக்குத் திட்டமிடும் ஒவ்வொரு குழுவும் ஒரே ஒரு முறை இந்த அரை நிமிட இடைவெளியில் போய்ப் பார்க்கட்டும். இருபது வயதுப் பையன் அவசரமில்லாமல் தன் கண்ணால் சாலையைப் படித்து ஓட்டும் வாய்ப்பு அதில் கிடைக்கும். நல்ல ஓட்டுநர்கள் அப்படித்தான் உருவாகிறார்கள். பக்கத்தில் வண்டி இல்லாமல் ஓட்டினால் சுவையே இல்லை என்று யாராவது சொன்னால், அவர் கேட்பது பந்தயம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவு பொதுச்சாலையில் அதைக் குற்றம் என்கிறது. முதல் முறைக்கே 5,000 ரூபாய் வரை அபராதமோ சிறையோ உண்டு. அந்த ஆசை தவறானதல்ல. அதற்கு முறையான இடம் இருங்காட்டுக்கோட்டை. தென்காசி சாலை அல்ல.