பேடு வந்தது, பேச்சு வரலையே!

கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தத்தின் கதை 2018-ல் ‘பேட்மேன்’ என்று இந்திப் படமானபோது, ஊர் மத்தியப் பிரதேசத்து மகேஷ்வர் ஆகிவிட்டது. நம்மாளு நர்மதைக் கரைக்குக் குடிபோய்விட்டார். இத்தனைக்கும் டைரக்டர் பால்கி தமிழர். போகட்டும், அக்‌ஷய் குமாரை ‘ஏனுங்ணா’ என்று பேச வைக்க முடியுமா? என் வருத்தம் ஊர் மாறியதில் இல்லை.

படம் நல்ல படம். நிஜக் கதை அதைவிடப் பெரிசு. 1998-ல் கல்யாணம். புது மனைவி பழந்துணியை ஒளித்து எடுத்துப் போகிறார். அதைப் பார்த்தவர் பஞ்சு வாங்கி, தானே பேடு செய்யக் கிளம்புகிறார். போட்டுப் பார்க்க ஆள் கிடைக்கவில்லை. ஃபுட்பால் பிளாடரில் ஆட்டு ரத்தம் நிரப்பி, உடம்பில் கட்டிக்கொண்டு, சைக்கிள் மிதித்துத் தானே சோதிக்கிறார். மனைவி போனார், அம்மா போனார், ஊர் ‘பைத்தியம்’ என்றது. கம்பெனி பேடுக்குள் இருப்பது பஞ்சு இல்லை, மரக்கூழ் என்று கண்டுபிடிக்கவே இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. கோடிகளில் விலை சொன்ன மெஷினை ஆயிரங்களில் செய்து காட்டினார். 2016-ல் பத்மஸ்ரீ.

பி.காம் படித்த மூளைக்கு இது அற்புதமான காஸ்டிங் கதை. படமும் அந்தக் கணக்கோடு திருப்தியாகிவிடுகிறது. பெண்களிடம் பேசப் பெண்தான் சரி என்று சோனம் கபூரை அனுப்புகிறார்கள். அவரும் பேடு விற்கத்தான் போகிறார். பேடு எந்த உடம்புக்காகவோ, அந்த உடம்பைப் பற்றிப் படம் சொல்லித் தருவது சொற்பம்.

நம் வீட்டுக் கதையும் அதேதான். பெண் வயசுக்கு வந்தால் சீர் செய்கிறோம், பந்தி போடுகிறோம், கறுப்புக் கவரில் பேடு வாங்கித் தருகிறோம். ‘ஏஞ்சாமி, அங்க அரிக்குதா, எரியுதா?’ என்று எத்தனை அம்மா கேட்கிறார்கள்? ‘அந்த இடம்’ என்பதைத் தாண்டி நம்மிடம் வார்த்தையே கிடையாது.

நாம் வாயை மூடினால் விளம்பரக்காரன் திறப்பான். 2012-ல் ஒரு ‘இன்டிமேட் வாஷ்’ விளம்பரம், ‘அந்த இடத்தின்’ நிறத்தையும் வெளுப்பாக்கலாம் என்று டி.வி-யில் வந்தது. முகத்துக்கு விற்ற தாழ்வு மனப்பான்மையைக் கீழேயும் விற்றார்கள்!

டாக்டர்கள் சொல்வது செலவில்லாத விஷயம். பிறப்புறுப்பின் உள்பக்கம் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். தயிரில் இருக்கும் பாக்டீரியாவின் பங்காளிகள் அங்கே லேசான அமிலத்தன்மையைக் காத்து, கெட்ட கிருமிகளை அண்டவிடாமல் வைத்திருக்கின்றன. உள்ளே சோப்பு, டெட்டால், வாஷ் என்று எதைவிட்டாலும் அந்தக் காவல் கெடும். வெளிப்பக்கத்துக்கு வெறும் தண்ணீர் போதும். கழுவுவது முன்னிருந்து பின்னாக. உள்ளாடை காட்டனில். நாள் முழுக்க ஒரே பேடு கூடாது. நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். துணி பயன்படுத்துவது தப்பே இல்லை. வெட்கப்பட்டு அதைக் கட்டிலுக்கு அடியில் காயப்போடுவதுதான் தப்பு. சோப்பு போட்டு அலசி, நல்ல வெயிலில் காய வேண்டும்.

லேசான வெள்ளைப்படுதல் நோய் அல்ல. திரிந்த பால் மாதிரி வந்தால், நாற்றம் அடித்தால், அரிப்போ எரிச்சலோ புண்ணோ இருந்தால் டாக்டரிடம் போக வேண்டும். அரிப்பு திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரையும் பார்க்க வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ ஒரு க்ரீம் வாங்கித் தடவுவது வைத்தியம் ஆகாது.

நிஜக் கதையில் ஐந்து வருஷத்துக்கு மேல் பிரிந்திருந்த மனைவி சாந்தி திரும்பி வந்தார். அன்றைக்குக் கணவரிடமே துணியை ஒளித்தவர், பிறகு மற்ற பெண்களிடம் இதைப் பேசத் தொடங்கினார். படத்துக்கு வேண்டிய ஹீரோயின் அவர்தான். அந்தக் கதையை யாராவது எடுங்கள். கோயம்புத்தூரிலேயே எடுங்கள்!